மனை எண் 27-இல் இருக்கும் மேடும் மனை எண் 4-இல் இல்லாத வீடும்

அனுப்புநர்:
மனை எண் 27-இன் உரிமையாளர்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மேட்டுத் தெரு.
(தற்போது குடியிருப்பது: வாடகை வீடு, இரண்டாம் மாடி, அச்சகச் சந்து.)

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு,
நகர அலுவலகம்.

பொருள்: ஆயத்த வீட்டு வரைபடங்களுக்கு மனையைப் பார்க்காமலே சான்றளித்துவரும் உரிமம் பெற்ற பொறியாளர் மீது நடவடிக்கை கோருதல், அவரது சான்றின்படி மனை எண் 4 காலியாக இருப்பதால், அங்கே நிற்கும் இரண்டு மாடி வீட்டின் மீது ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு (பதில் இல்லை). 2. எனது இரண்டாம் மனு. 3. அதற்குத் தாங்கள் அனுப்பிய மூன்று வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேட்டுத் தெருவின் கடைசி மனை என்னுடையது. அதில் என் மனைவிக்காக ஒரு வீடு கட்டத் தொடங்கினேன். சுவர்கள் கதவுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம்வரை எழும்பிய நிலையில் தங்கள் அலுவலகம் வேலை நிறுத்த அறிவிப்பை ஒட்டியது. இன்றோடு நூற்று நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. ஒட்டிய பசை மிகத் தரமானது என்பதை முதலிலேயே நன்றியுடன் பதிவு செய்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் தாங்கிவிட்டது. கூரையில்லாத என் சுவர்களால் அந்த அளவு தாங்க முடியவில்லை.

2. என் மனைவி இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக வேலை பார்த்தவர். ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை கொடுத்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கள் வாடகை வீட்டுக்கு முப்பத்து நான்கு படிகள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவருடைய தம்பியும் கீழ்வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மற்ற நாள்களில் அவர் இறங்குவதில்லை. இந்த மனுவில் நான் கேட்பவை பல. வேண்டியது ஒன்றுதான்: யார் கையையும் எதிர்பாராமல் அவர் உருட்டிக்கொண்டு நுழையக்கூடிய ஒரு வாசல்.

3. அதற்காகவே ஆயத்த வரைபடத் தொகுப்பு ஒன்றிலிருந்து 112-ஆம் எண் வரைபடத்தை வாங்கினோம். தேர்ந்தெடுத்தவர் என் மனைவி. ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கதவின் அகலத்தையும் தன் நாற்காலியின் அகலத்தோடு ஒப்பிட்டு, மூன்று மாலைகள் செலவிட்டார். எல்லா அறைகளும் ஒரே மட்டம். வாசல், தெரு மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம். அதற்கும் சிறிய சாய்தளம் உண்டு. குளியலறையில் நாற்காலி முழுவதாகத் திரும்ப இடம் இருந்தது.

4. அந்த வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும், அடியில், சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "இது பொதுவான வரைபடம். உள்ளூர் உரிமம் பெற்ற பொறியாளர் மனையை நேரில் பார்த்து, மண், சரிவு, காற்று, மழைநீர் ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றங்கள் செய்து ஒப்பமிட்ட பிறகே கட்ட வேண்டும்." சிறிய எழுத்துகளைப் படிப்பதற்காகவே முப்பத்தோர் ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். ஆகவே படித்தேன். நியாயமாகவும் பட்டது. ரெடிமேட் சட்டை வாங்கினால்கூட, கையைக் குறைக்கும் தையல்காரர் ஒரு முறையாவது நம் கையைப் பார்க்கிறார்.

5. தங்கள் அலுவலகத்தின் அங்கீகாரப் பட்டியலில் முதலில் இருந்த பொறியாளரிடம் சென்றேன். ஊரில் அவரைச் 'சீல் சார்' என்று அழைக்கிறார்கள். பட்டப்பெயர்களில் இவ்வளவு துல்லியமானதை நான் கண்டதில்லை. அவருடைய அலுவலகத்தின் வெளி மேசையில் ஓர் அம்மையார் இருக்கிறார். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'முத்திரை அக்கா'. வரைபடத்தையும் மனை எண்ணையும் அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தாளிலும் ஐந்து முத்திரைகள் குத்துவார். தாள்கள் உள்ளே போகும். மாலை ஐந்து மணிக்குள் ஒப்பத்தோடு வெளியே வரும்.

6. ஐந்தில் மூன்றாவது முத்திரையைத் தங்கள் தனிக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அதன் வாசகம்: "மனையை நேரில் பார்வையிட்டேன். காலி மனை. சமதளம். இவ்வரைபடப்படி கட்ட ஏற்றது." நேரில் பார்த்தேன் என்பதை ஒருவர் ஒவ்வொரு முறையும் கைப்பட எழுதுவது வீண் உழைப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போய்ப் பார்ப்பதற்கு முன்பே பார்த்ததை ரப்பரில் வார்த்து வைத்துக்கொள்ளும் தொலைநோக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் காலை நான் அப்பாவியாக, சார் எப்போது மனையைப் பார்க்க வருவார் என்று கேட்டேன். முத்திரை அக்கா மையைத் தொட்டுக்கொண்டே, "பாத்தாச்சுன்னு போட்டாச்சே சார்" என்றார்.

7. என் மனை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போவதற்குள் நாலரை அடி உயர்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. தெருவின் பெயரைப் படித்தால் போதும். தாங்கள் ஒன்பதே நாளில் அனுமதி அளித்தீர்கள். கடைக்கால் தோண்ட வந்த கொத்தனார் வரைபடத்தைப் பார்த்தார், மனையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். "பேப்பர்ல தரை சமமாத்தான் இருக்கு சார். தரைக்குத்தான் அது தெரியல" என்றார். இந்த வழக்கில் இதுவரை வெளியான தொழில்நுட்பக் கருத்துகளில் பிழையில்லாதது அது ஒன்றே.

8. உடனே சீல் சாரைத் தொலைபேசியில் அழைத்தேன். வரைபடத்தை மாற்றினால் அனுமதி செல்லாமல் போய்விடும் என்றும், பின்பக்க மட்டத்துக்கு முன்பக்கத்தையும் உயர்த்திக் கட்டினால் எல்லா அறையும் ஒரே மட்டத்தில் வந்துவிடும் என்றும், வரைபடத்தில் கேட்டிருப்பதும் அதுதானே என்றும் அறிவுறுத்தினார். படித்தவர் சொல்கிறார் என்று கட்டினோம். அறைகள் ஒரே மட்டத்தில்தான் வந்தன. வாசல் மட்டும் தெருவிலிருந்து நாலரை அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. கொத்தனார் ஏறி இறங்குவதற்காகச் செங்கல்லை அடுக்கி ஏழு படிகள் அமைத்தார். படியே இல்லாத வீடு வேண்டும் என்று வாங்கிய வரைபடத்தில் ஏழு படி.

9. அடுத்து வந்தவர் தங்கள் ஆய்வாளர். அனுமதிக்கப்பட்ட வாசல் உயரம் ஒரு சாண், இருப்பது நாலரை அடி என்று அளந்து, வேலையை நிறுத்தினார். அவர் செய்தது சரி. நிலத்தின் சரிவையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுமாறு வேண்டினேன். கட்டடத்தை வரைபடத்தோடு ஒப்பிடுவதுதான் தன் பணி, நிலத்தை ஒப்பிடுவது பொறியாளரின் பணி என்று விளக்கினார். பொறியாளரோ முத்திரையின் பணி என்று விட்டுவிட்டார். முத்திரைக்குக் கண் இல்லை. இந்த வரிசையில் குறையை அதன் மேல் மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

10. பின்னர் வேறொரு பொறியாளரை நாடினேன். அந்தப் பெண்மணி தானே வந்தார். தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து நாற்பது நிமிடம் மட்டம் பார்த்தார். என் மனைவியின் நாற்காலி அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கச் சுவரை ஒட்டி இரண்டு திருப்பங்களோடு சாய்தளம் அமைத்து, சமையலறை சன்னலைப் பக்க வாசலாக்கினால் போதும், இடிக்க வேண்டியது ஒரு சுவரின் ஒரு பகுதிதான் என்று திருத்திய வரைபடம் கொடுத்தார். அதைத் தங்கள் அலுவலகம் பெற மறுத்தது. முதலில் ஒப்பமிட்டவரே திருத்தத்திலும் ஒப்பமிட வேண்டும், அல்லது அவரிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்பது விதி என்றார்கள். சீல் சாரிடம் சென்றேன். திருத்தம் என்று ஒப்புக்கொண்டால் பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் பாக்கும்போது சமமாத்தான் இருந்துச்சு சார். மேடு அப்புறம் வந்திருக்கும்."

11. மேடு அப்புறம் வந்த விவரத்தை என் இரண்டாம் மனுவில் தெரிவித்து, மனையை ஒரு முறை பார்க்க வேண்டினேன். தாங்கள் அளித்த பதில்: "உரிமம் பெற்ற பொறியாளர் நேரில் பார்வையிட்டதாகச் சான்றளித்தபின், மனையின் நிலை குறித்து அச்சான்றே இறுதியானது. அதற்கு மாறான எதையும் இவ்வலுவலகம் ஏற்க இயலாது. மனு முடித்து வைக்கப்படுகிறது." எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தக்குறிகள் உரிய இடத்தில் இருந்தன. பல முறை படித்தேன். படிக்கப் படிக்க அதன் வலிமை விளங்கியது. கண்ணால் காண்பதும் காலால் இடறுவதும் பொருட்டல்ல. சான்றில் இருப்பதே மனை. இந்த விதி எனக்கு எதிராக மட்டும்தான் வேலை செய்யும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

12. ஆகவே கீழ்க்கண்டதைச் செய்தேன். இதில் குற்றம் இருந்தால் அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். மறைக்க எதுவும் இல்லை. சீல் சார் தன் குடும்பத்தோடு வாழ்வது மனை எண் 4-இல். பதினோரு ஆண்டுகளாக அங்கே இரண்டு மாடி வீடு நிற்கிறது. நீல இரும்புக் கதவு, மேலே கண்ணாடி அறை, கீழே இரண்டு கார். என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, அதே 112-ஆம் எண் வரைபடத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு முத்திரை அக்காவிடம் போனார். மனை எண் என்ற கட்டத்தில் 4 என்று எழுதினார். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் உண்மையான உரிமையாளரின் பெயரை, அதாவது சீல் சாரின் முழுப்பெயரை, தந்தை பெயரோடு எழுதினார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மெய்ப்புப் பார்த்தவன் நான்.

13. மாலை நாலு நாற்பதுக்குத் தாள்கள் வெளியே வந்தன. ஐந்து முத்திரை, சீல் சாரின் ஒப்பம், தேதி எல்லாம் முறைப்படி இருந்தன. உரிமையாளராக எழுதியிருந்த தன் பெயருக்கு மேலேயே தன் ஒப்பத்தை இட்டு, தன் வீடு நிற்கும் இடம் காலி மனை, சமதளம் என்று அவர் சான்றளித்திருக்கிறார். அன்று காலை அவர் அந்த மனையில்தான் குளித்து, சாப்பிட்டு, அங்கிருந்துதான் அலுவலகத்துக்குக் கிளம்பினார். ஆகவே "நேரில் பார்வையிட்டேன்" என்ற வாசகம், தெரிந்தவரையில் அவர் தொழில் வாழ்வில் முதல் முறையாக, உண்மையாகியிருக்கிறது.

14. நானும் போய்ப் பார்த்தேன். சான்றில் இல்லாத கதவுக்குப் பின்னாலிருந்து இல்லாத நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைத்தது. அலுவலக விதிப்படி அதைப் பொருட்படுத்தாமல் திரும்பினேன். பின்னர் சான்றின் நகலை மனை எண் 4 என்ற முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். காலி மனையில் கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கி, தபாலைக் கொடுத்துவிட்டு வந்த தபால்காரரின் திறமையைத் தபால் துறைக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

15. மறுநாள் சீல் சார் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். முப்பத்து நான்கு படியும் ஏறி, மேல்மூச்சு வாங்க, வாசலில் நின்றார். அவர் தானே போய்ப் பார்வையிட்ட முதல் கட்டடம் இதுவாக இருக்கலாம் என்பதால் மரியாதையாக உட்கார வைத்தோம். என் மனைவி தண்ணீர் கொடுத்தார். வேலைப் பளுவில் நேர்ந்த தவறு என்றார். வெளி மேசைதான் காரணம் என்றார். அந்தத் தாள் வெளியே போனால் தன் உரிமமே போய்விடும் என்றார். கடைசியில், "பிள்ளைங்க இருந்து படிக்கிற வீடும்மா அது" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

என் மனைவி, "காலி மனையில எப்படிப்பா பிள்ளைங்க உக்காந்து படிக்கும்?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டதுபோலத்தான் இருந்தது.

16. பிறகு அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். மனை எண் 4-இன் சான்றை நாங்கள் திருப்பிக் கொடுத்தால், எங்கள் திருத்திய வரைபடத்துக்கு அன்றே தடையில்லாச் சான்று தருவார். தாளைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். முத்திரையும் குத்தியிருந்தது. ஐயா, உண்மையைச் சொல்கிறேன்: நான் கை நீட்டினேன். அந்த ஒரு தாளுக்காக நூறு நாளுக்கு மேல் நடந்தவன் நான். அது கிடைத்தால் ஆறு வாரத்தில் கூரை போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

17. என் மனைவி தன் நாற்காலியை எனக்கும் அவருக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். போன ஆண்டில் மட்டும் எத்தனை மனைக்கு அந்த மூன்றாவது முத்திரை விழுந்தது என்று கேட்டார். அவர் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை என்றார். என்னிடம் இருந்தது, தங்கள் அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வந்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் காலி, அத்தனையும் சமதளம். இந்நகரில் மேடு, பள்ளம், குட்டை, பாறை ஏதும் கிடையாது என்பது அப்பதிவேட்டால் நிறுவப்பட்டிருக்கிறது. அதில் தூர்த்த குட்டையின் மேல் எழும்பிக்கொண்டிருக்கும் மூன்று மாடிப் பள்ளிக் கட்டடமும் ஒன்று. அதைச் சொன்னபோது அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

18. என் மனைவி சொன்னது இது: "இருபத்திரண்டு வருஷம் வண்டியில டிக்கெட் எடுக்காதவங்களப் புடிச்சிருக்கேன். புடிச்சா இறக்கி விடணும் தம்பி. சீட்டு குடுத்து உக்கார வைக்கக் கூடாது." அவரை வழியனுப்பும்போது, இறங்குகையில் பத்தொன்பதாம் படி கொஞ்சம் உடைந்திருக்கிறது, பார்த்துப் போகவும் என்றும் சொன்னார். கொண்டுவந்த தாளை அவர் திருப்பி எடுத்துப் போய்விட்டார். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. என் மனைவி நன்றாகத் தூங்கினார்.

19. எனவே தங்கள் சமூகத்தைப் பணிந்து வேண்டுவது:

அ. சீல் சாரின் சான்று தங்கள் பதிலில் கூறியபடி இறுதியானது என்றால், மனை எண் 4-இல் வீடு இல்லை. இல்லாத வீட்டுக்குக் கொடுத்திருக்கும் கதவு எண்ணை நீக்கவும். குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிக்கவும். வீடுபோலத் தோற்றமளிக்கும் அப்பொருள் அனுமதியின்றிப் பிற்பாடு வந்திருக்கும் என்பதால், நீலக் கதவில் வேலை நிறுத்த அறிவிப்பை ஒட்டவும். என் சுவரில் பூசிய அதே பசையைப் பயன்படுத்துமாறு வேண்டுகிறேன்.

ஆ. சான்று பொய் என்றால், அவர் உரிமத்தை ரத்து செய்யவும். இருநூற்றுப் பன்னிரண்டு மனைகளையும் கண்ணுள்ள ஒருவரைக்கொண்டு பார்க்கவும். பள்ளிக் கட்டடத்தை முதலில் பார்க்கவும். பொய்ச் சான்று அளித்தவரின் தடையில்லாச் சான்றுக்குக் காத்திராமல், எங்கள் திருத்திய வரைபடத்தை ஏற்கவும்.

இ. இரண்டில் எது என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். எது செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டும் செய்தால் மறுக்க மாட்டேன். மூன்றாவதாக, மனுவை முடித்து வைப்பது என்ற வழியும் தங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். அவ்வாறானால் இம்மனுவையும் தங்கள் மூன்று வரிப் பதிலையும் மனை எண் 4-இன் சான்றையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு, பதிவேட்டில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு முகவரிகளுக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய அச்சகத்தில் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அச்சுக் கோத்தாகிவிட்டது, பிழை திருத்தமும் முடிந்தது.

20. விசாரணை நடத்துவதாக இருந்தால் அதைத் தங்கள் அலுவலகத்தில் நடத்த வேண்டாம். மேட்டுத் தெரு, மனை எண் 27-இல், பகல் வெளிச்சத்தில் நடத்தவும். என் மனைவியும் வருகிறார். தன் வீட்டை அவர் இதுவரை தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறார். சாட்சி சொல்வதற்கு முன் உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறார். ஏழு படி. நாற்காலியோடு எண்பத்தாறு கிலோ. அவருடைய தம்பியும் கீழ்வீட்டுக்காரரும் அன்று வர மாட்டார்கள்; வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தூக்க இருவர் வேண்டும். ஒரு பக்கம், மனை சமதளம் என்று ஒப்பமிட்டவர். மறுபக்கம், அந்த ஒப்பமே இறுதியானது என்று எழுதிய தாங்கள்.

நாளையும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: அச்சகச் சந்து, இரண்டாம் மாடி
நாள்: வேலை நிறுத்தப்பட்ட நூற்று நாற்பத்து மூன்றாம் நாள்

தங்கள் பதிலை வரிக்கு வரி படிக்கப்போகும்,
(ஒப்பம்)
மனை எண் 27-இன் உரிமையாளர்